வால்பேப்பரை மாற்றினால் பட்டன் ஏன் பச்சையாகிறது?

அம்மாவின் ஆண்ட்ராய்டு போனில் வால்பேப்பரை மாற்றிக் கொடுத்தேன். ஊரில் எடுத்த படம். பாதிக்கு மேல் நாற்று வயல், அதற்கு மேலே வெளிறிய வானம், வரப்போரத்தில் அரக்குப் புடவையில் பெரியம்மா. படம் மாறிய சில நொடிகளில் வைஃபை பட்டன், டயல் எண்கள், கால்குலேட்டர் எல்லாம் பச்சை பூசிக்கொண்டன. "படத்தைத்தானே மாத்தச் சொன்னேன்? பட்டன் எல்லாம் ஏன் பச்சையாச்சு?" என்று கேட்டார் அம்மா.

வால்பேப்பரின் நிறத்தையே பட்டன்களுக்கும் பூசும் இந்த வசதியை கூகுள் 2021 மே மாதம் 'மெட்டீரியல் யூ' என்ற பெயரில் அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஆண்ட்ராய்டு 12 உடன் கூகுளின் சொந்த பிக்சல் போன்களுக்கு வந்தது. இப்போது வேறு பல கம்பெனிகளின் போன்களிலும் இருக்கிறது.

படம் கிடைத்ததும் போன் முதலில் அதைச் சுருக்குகிறது. 1.2 கோடி புள்ளிகள் கொண்ட போட்டோ, ஏறத்தாழ 12,500 புள்ளிகள் கொண்ட சின்னத் துண்டாகிவிடும். பெரியம்மாவின் முகம் அதில் அடையாளம் தெரியாது. நிறங்களை மட்டும் எண்ணுவதற்கு முகம் தேவையும் இல்லை.

அடுத்தது பிரிக்கும் வேலை. கலந்து கொட்டிய பாசிமணிகளைக் கிண்ணம் கிண்ணமாகப் பிரிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மணியையும் அதன் நிறத்துக்கு மிக நெருங்கிய கிண்ணத்தில் போடுகிறோம். எல்லாம் போட்டு முடித்ததும் ஒவ்வொரு கிண்ணத்தின் சராசரி நிறத்தையும் மறுபடி கணக்கிடுகிறோம். சராசரி கொஞ்சம் நகர்ந்திருக்கும், அதனால் சில மணிகள் கிண்ணம் மாறும். நகர்வு நிற்கும் வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். போன் இப்படி அதிகபட்சம் 128 கிண்ணங்களில் பிரிக்கிறது. இந்த வித்தையின் வேர் பழையது. ஒரே நேரத்தில் 256 நிறங்களை மட்டுமே திரையில் காட்ட முடிந்த காலத்தில், ஒரு போட்டோவை அதற்குள் அடக்குவதற்காக உருவான கணக்குகள்தான் இன்று வால்பேப்பருக்கு வேலை செய்கின்றன.

சரி, நிறைந்த கிண்ணம்தான் ஜெயிக்குமா? அப்படியிருந்தால் பாதிப் போன்கள் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். நாம் எடுக்கும் படங்களில் சுவர், தார்ச்சாலை, மேகம், நிழல் இவைதானே அதிகம்! அதனால் நிறமே இல்லாத அளவுக்கு மங்கியவற்றைப் போன் முதலிலேயே ஒதுக்கிவிடுகிறது. மிஞ்சியவற்றுக்கு மதிப்பெண். படத்தில் எவ்வளவு இடம் என்பதற்கு ஒரு பங்கு, எவ்வளவு பளிச்சென்ற நிறம் என்பதற்கு ஒரு பங்கு. எங்கள் படத்தில் வயல் இடத்தால் ஜெயித்தது. மூலையில் கொஞ்சமே இருந்த அரக்குப் புடவையும் தன் செறிவால் வானத்தை முந்திக்கொண்டு இரண்டாவது வந்துவிட்டது. செட்டிங்ஸில் வால்பேப்பர் பகுதியைத் திறந்தால் வரிசையாகச் சில வட்டங்கள் தெரியுமே, அவை இந்தத் தேர்வில் தேறிய நிறங்கள். கறுப்பு வெள்ளைப் படம் வைத்தால் ஒன்றுமே தேறாது. அப்போது போன் தன் கையிருப்பில் உள்ள ஒரு நீலத்தை எடுத்துக்கொள்ளும். பழைய கறுப்பு வெள்ளைக் குடும்பப் படம் வைத்தவர்களின் போன் பெரும்பாலும் நீலமாக இருப்பது இதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. கிடைத்த பச்சையை அப்படியே பட்டனில் பூசினால் மேலே உள்ள எழுத்தைப் படிக்க முடியுமா? அம்மா கண்புரை ஆபரேஷன் ஆனவர். அவருக்கு இது அழகுப் பிரச்சினை இல்லை.

கணினியில் வழக்கமாகப் பயன்படும் நிற அளவுகள் இங்கே கைவிட்டுவிடும். அந்தக் கணக்கின்படி அப்பட்டமான மஞ்சளுக்கும் அப்பட்டமான நீலத்துக்கும் வெளிச்சம் ஒன்றுதான், இரண்டும் 50 சதவீதம். ஆனால் மஞ்சள்மேல் வெள்ளை எழுத்து எழுதிப் பாருங்கள், கண்ணுக்கே தெரியாது. நீலத்தின்மேல் தெளிவாகத் தெரியும். மனிதக் கண் உணரும் வெளிச்சத்தை அளக்க 1976இல் ஓர் அளவுகோல் வந்தது. அதில் கறுப்பு 0, வெள்ளை 100. அதன்படி மஞ்சள் 97, நீலம் 32. கூகுள் தன் நிறக் கணக்கை இந்த அளவுகோலின்மேல்தான் கட்டியிருக்கிறது.

தேர்ந்தெடுத்த நிறத்தை வைத்து ஐந்து வரிசைகள் தயாராகும். ஒவ்வொன்றிலும் கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக 13 சாயல்கள். ஒரு சாயலின் படி எண் என்பது அந்த 0 முதல் 100 வரையிலான அளவுகோலில் அதன் வெளிச்சம். வெளிச்சத் திரை என்றால் பட்டனுக்கு 40ஆம் படி, அதன்மேல் எழுத்துக்கு 100. இருட்டுத் திரை (டார்க் மோட்) என்றால் பட்டனுக்கு 80, எழுத்துக்கு 20. நிறம் பச்சையோ நீலமோ, படி எண்கள் மாறுவதில்லை. எழுத்து தெளிவாகத் தெரிய அதற்கும் பின்னணிக்கும் இடையே ஒளியின் அளவில் (படி எண்ணில் அல்ல) 4.5 மடங்கு வேறுபாடு வேண்டும் என்பது இணையத்தில் பரவலாக ஏற்றுக்கொண்ட அளவு. 40க்கும் 100க்கும் இடையே அது 6 மடங்கைத் தாண்டிவிடும். எந்தப் படம் வருமென்று முன்கூட்டியே தெரியாமல், எந்தப் படம் வந்தாலும் எழுத்து படிக்கும்படி இருக்கும் என்று உறுதி தர முடிகிறதே, இது பெரிய காரியம்.

அம்மாவுக்குப் பச்சை பிடிக்கவில்லை. "அக்கா புடவைக் கலர் இருக்கா?" என்றார். இரண்டாவது வட்டத்தைத் தொட்டேன். பட்டன்கள் வெளிறிய ரோஜா நிறத்துக்குப் போயின. "இது அரக்கு இல்லையே!"

அவர் சொன்னது சரிதான். போன் இருட்டுத் திரையில் இருந்தது, எனவே பட்டன் 80ஆம் படியில் நின்றது. சிவப்பை அவ்வளவு வெளிச்சத்துக்கு ஏற்றினால் அது சிவப்பாக இருக்க முடியாது, ரோஜாவாகிவிடும். மஞ்சளுக்கு இந்தக் கஷ்டம் இல்லை, அது உயரத்தில்தான் பளபளக்கும். இருட்டுத் திரையை அணைத்தேன். பட்டன் 40க்கு இறங்கியது. கண்ணை உறுத்தக் கூடாதென்று போன் செறிவைக் குறைத்துவிடுவதால் புடவையின் அதே அரக்கு வரவில்லை, செங்கல் சாயல் கொஞ்சம் கலந்திருந்தது. அம்மா போனை வாங்கிக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, படத்தையும் பட்டனையும் மாறி மாறிப் பார்த்தார். "நாலு தடவை துவைச்சா அந்தப் புடவையும் இந்தக் கலருக்குத்தான் வரும்" என்றார்.