"ஃபிட்டா இருக்கேன் டாக்டர், சீக்கிரம் ஆறிடும்"

போன வாரமும் ஒருவர் வந்தார். தொழில்முறை கிரிக்கெட் வீரர். வேறோர் இடத்தில் முடி மாற்று சிகிச்சை செய்துகொண்டு, ஆறாம் நாளே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வலைப்பயிற்சிக்குப் போயிருக்கிறார். ஹெல்மெட்டின் உள்பக்கப் பஞ்சு நெற்றிக்கு மேலே அழுத்துமே, அந்த இடத்தில் மட்டும் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை சுத்தமாகக் காலி. அதற்குப் பின்னால் வரிசை வரிசையாகப் பொருக்கு நிற்கிறது. பட்டைக்குள் பொருக்கும் இல்லை, நட்ட முடியும் இல்லை. "பஞ்சுல ஏதோ ஒட்டியிருந்துச்சு, வேர்வை அழுக்குன்னு துடைச்சிட்டேன்" என்றார்.

ஏன் இந்த அவசரம் என்று கேட்டேன். தலைப்பில் இருப்பதுதான் பதில். ஆட்டக்காரர்களிடம் இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதனால் இன்று கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

பின்மண்டையிலிருந்து வேரோடு எடுத்து நடும் சிறு திசுத்துண்டைத்தான் கிராஃப்ட் என்கிறோம், அதில் ஒன்று முதல் நான்கு முடி வரை இருக்கும். அதைத் தோண்டி எடுக்கும் ஊசியின் வாய் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். முன்னால் சிறு கீறல் போட்டு அதற்குள் செருகுகிறோம். தையல் கிடையாது, பசை கிடையாது. முதல் சில நாள் அதைப் பிடித்து வைத்திருப்பது உறைந்த ரத்தம் மட்டுமே. சொந்த ரத்த ஓட்டமும் அதற்கு இன்னும் வந்திருக்காது, சுற்றியுள்ள திசுநீரை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்கும். முதல் இரண்டு நாள் ஒரு முடியைப் பிடித்து இழுத்தால் கிராஃப்ட்டே கையோடு வந்துவிடும். காய்ந்து ஒட்டியிருக்கும் பொருக்கைப் பிய்த்தால் அதற்குப் பிறகும் சில நாள் வரை வரும். உறுதியாகப் பிடிக்க ஒன்பது, பத்து நாள் ஆகும்.

இந்த ஒன்பது நாளைக் குறைக்க உங்களுடைய ஃபிட்னெஸால் முடியாது. நீங்கள் மாரத்தான் ஓடலாம், ஓய்வில் நாடித்துடிப்பு நாற்பதில் நிற்கலாம். அதெல்லாம் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் நல்லது. கீறலுக்குள் நடக்கும் திசு வேலை அதன் வேகத்தில்தான் நடக்கும். புகைப்பவருக்கும் கட்டுப்பாடில்லாத சர்க்கரை உள்ளவருக்கும் ஆறுவது தாமதமாகலாம். ஆனால் பயிற்சி செய்தவருக்கு நட்ட முடி சீக்கிரம் பிடிக்கும் என்று நான் எங்கும் பார்த்ததில்லை.

சொல்லப்போனால், அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவரை விட ஆட்டக்காரருக்குத்தான் ஆபத்து அதிகம். மூச்சைப் பிடித்து எடை தூக்கும்போது ரத்த அழுத்தம் ஏறும், கீறல்கள் மறுபடி கசியும். மூன்றாம் நான்காம் நாளில் வீக்கம் நெற்றி வழியாகக் கண்ணிமைக்கு இறங்குவது சகஜம், அதை ஓட்டமும் குனிதலும் இன்னும் கூட்டிவிடும். பிறகு வேர்வை, தலைக்கவசம், தலையால் பந்தை முட்டுவது, எதிராளியின் முழங்கை. நாற்று நட்ட மறுநாளே வயலில் மாட்டை ஓட்டிவிட்டு, "மாடு திடகாத்திரமானதுதான்" என்று சொன்னால் எப்படி?

இங்கே ஒருவராவது இங்கிலாந்து கால்பந்து வீரர் ரூனியை இழுப்பார். "அவர் பண்ணிட்டு ஆடலையா டாக்டர்?" ஆடினார். எப்போது செய்தார் என்று பாருங்கள். வேய்ன் ரூனி தன் சிகிச்சையை ட்விட்டரில் தானே அறிவித்தது 2011 ஜூனில். அப்போது வயது 25. இங்கிலாந்து லீக் மே மாதமே முடிந்துவிட்டது, அடுத்த சீசன் ஆகஸ்ட் நடுவில்தான் தொடங்கியது. நடுவில் எத்தனை வாரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லோரும் அவர் முடியைப் பார்க்கிறார்கள், மாதத்தை யாரும் பார்ப்பதில்லை.

என் கணக்கு இது. முதல் பத்து நாள் நடை தவிர எதுவும் இல்லை. பத்து நாளுக்கு மேல் அசையாத சைக்கிள், லேசான ஓட்டம். ஹெல்மெட், மோதல் உள்ள ஆட்டம், தலையால் பந்தை அடிப்பது, நீச்சல்குளம் எல்லாம் ஒரு மாதம் கழித்து. ஒவ்வொரு முடியாகத் தோண்டாமல் பின்மண்டையில் தோலைப் பட்டையாக வெட்டித் தைத்திருந்தால் இன்னும் அதிகம். கழுத்தை மடக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தையல் இழுபடும், தழும்பு அகலமாகும். மல்யுத்தம், பளுதூக்குதல், துடுப்புப் படகுக்காரர்களுக்கு அந்த முறையை நான் பரிந்துரைப்பதே இல்லை. அப்புறம், நட்ட முடி இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் உதிரும். வேர் உள்ளே இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முளைக்கும், ஒரு வருடத்தில்தான் முழுசாகத் தெரியும். உதிர்ந்த அன்று ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன் வேண்டாம்.

அந்தக் கிரிக்கெட் வீரரின் காலிப் பட்டையையும் இப்போது தொடமாட்டேன். எது பிழைத்தது என்று தெரிய ஒரு வருடமாவது போகட்டும். பிறகு மறுபடி பின்மண்டையில் கைவைக்க வேண்டும். அங்கே இருப்பு அளவானது, எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது.

சரி, இதைவிட எனக்குக் கோபம் வந்தது அவர் நீட்டிய மருந்துச் சீட்டைப் பார்த்துத்தான். வலிக்கு டிரமடால். வீக்கத்துக்கு பிரெட்னிசொலோன் மாத்திரை. "முடி வலுப்பட" என்று வாரம் ஒரு வைட்டமின் டிரிப். கடைசியில், பெயர் விவரம் எதுவும் இல்லாமல் "க்ரோத் ஃபேக்டர் ஊசி". சாதாரண ஆளுக்கு எழுதினால் நான் புருவம் மட்டும் உயர்த்துவேன். ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்பட்டவருக்கு இதை எழுதலாமா?

டிரமடால் 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை. பிரெட்னிசொலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் வாய்வழியாகப் போட்டிக் காலத்தில் முன்பே தடை. 2022 முதல் எந்த இடத்தில் ஊசியாகப் போட்டாலும் தடை, உச்சந்தலையில் போட்டாலும் சேர்த்தி. போட்டிக் காலம் என்பது ஆட்டத்துக்கு முந்தைய இரவு 11:59-க்கே தொடங்கிவிடும். அதற்கு முன்னால் நிறுத்தினால் போதும் என்றும் இருந்துவிட வேண்டாம், உடம்பிலிருந்து வெளியேற நாளாகும். தசையில் போடும் ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டுக்கு உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடா சொல்லும் இடைவெளி 60 நாள். டிரிப் விஷயத்தில், 12 மணி நேரத்துக்கு 100 மில்லிக்கு மேல் நரம்பில் ஏற்றுவது எப்போதுமே தடை. மருத்துவமனைச் சிகிச்சை, அறுவை சிகிச்சையின் போது நியாயமாகத் தேவைப்படுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. வாரம் ஒருமுறை சோபாவில் சாய்ந்து ஏற்றிக்கொள்ளும் வைட்டமின் அதில் வராது. உங்கள் ரத்தத்திலிருந்தே பிளாஸ்மாவைப் பிரித்து ஊசியாகப் போடும் பி.ஆர்.பி.க்கு 2011 முதல் தடை இல்லை. ஆனால் தனியாகச் சேர்க்கும் வளர்ச்சிக் காரணிகளுக்குத் தடை உண்டு. குப்பியில் என்ன இருக்கிறது என்று எழுதித் தராத ஊசியைத் தலையில் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் பயப்படவும் வேண்டாம். மரத்துப்போக நாங்கள் போடும் லிக்னோகைன் தடையில்லை. அதோடு கலக்கும் அட்ரினலினுக்கும் விலக்கு இருக்கிறது. முடி வளரத் தலையில் தடவும் மினாக்ஸிடில் தடைப் பட்டியலில் இல்லை. முடி உதிர்வுக்குப் போடும் ஃபினாஸ்டரைட் மாத்திரை பற்றித்தான் இன்னமும் பீதி. மற்ற மருந்தை மறைக்க உதவும் என்று 2005-இல் அதைத் தடை செய்தார்கள். ஸ்கெலட்டன் என்ற பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தின் அமெரிக்க வீரர் ஸாக் லண்ட் அதனால் 2006 டுரின் ஒலிம்பிக்கையே இழந்தார். பிரேசில் கால்பந்து வீரர் ரொமாரியோ 2007-இல் சிக்கினார். 2009-இல் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். தலைமுடிக்கு மாத்திரை போட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்று சொல்பவர்கள் அந்த இருவரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

வீராங்கனைகளுக்குத் தனியாக ஒன்று. பெண்களின் முடி உதிர்வுக்கு ஸ்பைரனோலாக்டோன் எழுதுவது எங்கள் துறையில் சர்வசாதாரணம். அது சிறுநீர் பெருக்கி வகை, போட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தடை. எழுதும் மருத்துவருக்கு நீங்கள் விளையாடுவது தெரியாமலே இருக்கலாம், நீங்கள்தான் சொல்லவேண்டும். வருடக்கணக்காக இறுக்கி வாரிப் போட்ட குதிரைவாலால் நெற்றியோரம் ஏறியிருந்தால் முதலில் கட்டைத் தளர்த்துங்கள். நடுவது அப்புறம்.

இன்னும் சில, வேகமாக. ஹெல்மெட் போடுவதால் வழுக்கை விழாது. தசைக்காகச் சாப்பிடும் கிரியேட்டின் பொடியால் முடி கொட்டும் என்ற பயத்துக்குக் காரணம் 2009-இல் ரக்பி வீரர்கள் 20 பேரிடம் செய்த ஓர் ஆய்வு. வழுக்கையோடு தொடர்புள்ள டி.ஹெச்.டி. என்ற ஹார்மோன் கூடியது என்றார்கள், முடியை யாரும் எண்ணவில்லை. முடிக்கென்று விழுங்கும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் அளவையே தவறாகக் காட்டக்கூடும், பரிசோதனைக்கு முன் சொல்லிவிடுங்கள். ஆறு மாதத்தில் உச்சி காலியாகி, முதுகெல்லாம் பரு வந்த இளைஞர் எதிரில் உட்கார்ந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி ஜிம்மில் என்ன ஊசி என்பதுதான்.

இருபது வயதுத் தம்பிகளுக்கு: உங்கள் அபிமான ஆட்டக்காரரின் படத்தைக் காட்டி அதே ஹேர்லைன் கேட்காதீர்கள். நட்டது நிற்கும், நடாதது தொடர்ந்து உதிரும். பதினைந்து வருடம் கழித்து முன்னால் ஒரு வரிசை, பின்னால் வெட்டவெளி. அன்றைக்கு எடுக்கப் பின்மண்டையில் மிச்சம் இருக்காது. முதலில் ஒரு வருடம் மருந்தில் இருங்கள்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தில் எந்த வீரர் சிரிக்கிறார் என்று பார்க்காதீர்கள். கீறல் போடுவது யார் என்று கேளுங்கள். பெயர்ப்பலகையில் ஒரு மருத்துவர், உள்ளே கத்தியோடு உதவியாளர் என்ற கதை உலகம் முழுக்க நடக்கிறது. சர்வதேச முடி மாற்று அறுவை சிகிச்சை சங்கமே இதற்கென்று தனிப் பிரசாரம் நடத்துகிறது.

தயவுசெய்து அணி மருத்துவரிடம் மறைக்காதீர்கள். எழுதப்போகும் மருந்துகளின் பட்டியலைத் தேதி குறிக்கும் முன்பே வாங்கி அவருக்கு அனுப்புங்கள். தடையுள்ள மருந்துக்கு விலக்கு அனுமதி கேட்க வேண்டியிருந்தால் அதற்கும் நாள் வேண்டும். சோதனையில் மாட்டினால் "டாக்டர் எழுதிக் கொடுத்தார்" என்பது செல்லாது, உடம்பில் என்ன இருக்கிறதோ அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. விஷயம் வெளியே கசிந்துவிடும் என்று கூச்சமாக இருந்தால், அவரிடமே அதைச் சொல்லுங்கள். உங்கள் உச்சந்தலையை அவர் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.