பிளேனா: சொல்லும் பொருளும்

பிளேனா என்பது கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் மக்கள் பாட்டு. தெற்குக் கரையிலுள்ள பொன்சே நகரத்து உழைப்பாளிகளின் குடியிருப்புகளில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்ந்தது. இதற்கு அடிக்கும் பந்தெரெத்தாவைச் சலங்கை இல்லாத கஞ்சிரா எனலாம். அது மூன்று அளவுகளில் உண்டு. பெரியது தாளத்தைப் பிடித்து நிற்கும், சிறியது அதன்மேல் இஷ்டம்போல் விளையாடும். ஒருவர் பாட, மற்றவர்கள் பல்லவியைத் திருப்பிப் பாடுவார்கள்.

பெயர் எப்படி வந்தது? ஸ்பானிய மொழியில் 'பிளேனா' என்றால் நிறைந்தது. முழுநிலா இரவில் பாடியதால் இந்தப் பெயர் என்பார்கள் சிலர். ஆங்கிலம் பேசும் அண்டைத் தீவிலிருந்து வந்த ஒரு பாட்டுக்காரர் "பிளே, அன்னா" என்று மனைவியை உற்சாகப்படுத்தியதுதான் இப்படி மருவியது என்றும் ஒரு கதை உண்டு. இரண்டுக்குமே உறுதியான சான்று கிடையாது.

ஆனால் பொருள் தெளிவானது. தீவு மக்கள் பிளேனாவை 'பாடும் செய்தித்தாள்' என்பார்கள். கொலை, வேலைநிறுத்தம், ஊர் வம்பு எல்லாம் அதில் வரும். புயலும் வரும். 'தெம்பொரால்', அதாவது புயல், என்ற பழைய பிளேனா, புயல் வந்தால் தீவு என்ன ஆகுமோ என்று கலங்கும். ஆகவே இயற்கை இந்தப் பாட்டுக்குப் புதிதல்ல. கலங்கியவர்கள் இப்போது கேள்வியும் கேட்கிறார்கள், அதுதான் மாற்றம். புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்டது. அதைச் சேர்ந்த வியெக்கஸ் என்ற சிறு தீவை அமெரிக்கக் கடற்படை குண்டுவீச்சுப் பயிற்சிக்குப் பயன்படுத்தி நாசமாக்கியதை எதிர்த்த போராட்டத்தில் பந்தெரெத்தாக்கள் முழங்கின. 2003இல் கடற்படை வெளியேறியது. 2017இல் புவேர்ட்டோ ரிக்கோவில் மரியா புயல் அடித்தது. அரசே ஏற்ற மதிப்பீட்டின்படி 2,975 பேர் இறந்தார்கள். தீவு முழுவதற்கும் மின்சாரம் திரும்ப ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. இத்தனை சாவுக்கும் இருட்டுக்கும் காற்றை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா?

புவேர்ட்டோ ரிக்கோ பாடகர் பேட் பன்னியின் இசைத்தொகுப்பு 2025 ஜனவரியில் வந்தது. அது பிளேனாவை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஆற்றையும் கடற்கரையையும் பிறர் பறித்துக்கொள்வார்கள் என்ற அச்சம் அதன் ஒரு பாட்டில் இருக்கிறது. கூடவே வந்த குறும்படத்தில், முதியவர் ஒருவரோடு பேசும் துணை ஒரு தேரை. சாப்போ கோஞ்சோ என்கிற அந்தத் தேரை தீவின் மண்ணுக்கே உரியது, இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. பிரசங்கம் செய்யாமல், அதைக் கதையில் ஒரு ஆளாகவே உட்கார வைத்தது எனக்கு மிகவும் பிடித்தது.

சரி, பிளேனாவைத் தமிழில் என்ன சொல்வது? 'நாட்டுப்பாடல்' போதாது, செய்தி சொல்லும் வேலை அதில் விடுபடுகிறது. நம்மிடம் சிந்து இருக்கிறது. கொலை, வெள்ளம், புயல் என்று நடந்ததைப் பாட்டாகக் கட்டி, சிறு நூலாக அச்சடித்து, சந்தையில் பாடி விற்றார்கள். அதனால் 'செய்திச்சிந்து' என்பதே என் பரிந்துரை. இசைவகையின் பெயராக வரும்போது பிளேனா என்றே எழுதலாம். முதல்முறை எழுதும் இடத்தில் மட்டும் 'பிளேனா என்னும் செய்திச்சிந்து' என்று சேர்த்துக்கொண்டால் போதும்.