முகம் ஏன் இழுக்கிறது?

மார்கழி மாதக் காலையில் முழங்காலுக்குக் கீழே நகத்தால் கீறினால், சாக்பீஸில் எழுதியதுபோல் வெள்ளைக் கோடு விழும். பள்ளியில் அப்படிப் பேர் எழுதி விளையாடாதவர்கள் குறைவு. அதே வறட்சி முகத்துக்கு வந்தால் விளையாட்டு போய்விடும். சோப்புப் போட்டுக் கழுவியதும் கன்னம் இழுக்கும், கிரீம் பட்டால் எரியும், சிவக்கும். மாநிறத் தோலில் அது சிவப்பாகத் தெரியாமல் பழுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரியலாம். அதனால் கண்ணாடியைவிட எரிச்சலை நம்புங்கள்.

தோலின் மேலடுக்கு தலைமுடியின் தடிமன்கூட இல்லாத ஒரு சுவர். செத்த செல்கள் செங்கல். நடுவே பூசிய கொழுப்புதான் சாந்து. சாந்தில் ஏறக்குறைய பாதி செராமைடு என்ற கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். சாந்து உதிர்ந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே கசியும். வெளியிலிருக்கும் வாசனைப் பொருளும் சோப்பும் உள்ளே நுழையும். உடனே கீழுள்ள செல்கள் ஆபத்து என்று சேதி அனுப்ப, ரத்தக் குழாய்கள் விரிகின்றன. நாம் பார்க்கும் சிவப்பு அதுதான். தோலின் பிஹெச், அதாவது அமில-கார அளவு (குறைந்தால் அமிலம், கூடினால் காரம்), 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரண சோப்புக்கட்டியுடையது 9, 10. தினம் இரண்டு வேளை அதைத் தேய்த்தால் சாந்து தாங்காது.

ஆக, சிவப்பைத் தணிக்க முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும். இதில் பெட்ரோலியம் ஜெல்லியை விஞ்சிய ஆள் இல்லை என்பது என் கட்சி. அமெரிக்க வேதியியலாளர் ராபர்ட் செஸ்பரோ 1872-இல் காப்புரிமை வாங்கிய பழைய சரக்கு. பார்க்க அழகில்லை, பிசுபிசுக்கும். ஆனால் மேலே படலமாக மட்டும் நிற்காமல், மேலடுக்கின் இடுக்குகளிலும் இறங்குகிறது. முகம் கழுவி, ஈரம் முழுதாகக் காயும் முன் பட்டாணி அளவு எடுத்து ஒற்றினால் போதும். செராமைடு கிரீம்கள் சாந்தையே வெளியிலிருந்து தருபவை. நியாசினமைடு, அதாவது வைட்டமின் பி3, தோலையே கூடுதலாகச் செராமைடு செய்ய வைக்கிறது. ஆனால் சதவீதம் ஏற ஏற நல்லது என்றில்லை. எரியும் தோலுக்கு 10 சதவீத சீரம் கொஞ்சம் அதிகம்.

அடுத்து ஓட்ஸ். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2003-இல் ஓட்ஸ் மாவைத் தோல் காக்கும் பொருளாக ஏற்றுக்கொண்டது. அதிலுள்ள அவெனாந்த்ரமைடுகள் என்ற பொருள்கள் அந்த ஆபத்துச் சேதியின் சத்தத்தைக் குறைக்கின்றன. முகத்தில் பூச ஓட்ஸை மிக்ஸியில் நைசாக அரைத்து, பதம் பார்க்க ஒரு ஸ்பூனை டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். பால் மாதிரி வெளுத்து நின்றால் பதம் சரி. அடியில் போய் உட்கார்ந்தால் இன்னொரு சுற்று ஓட்ட வேண்டும்.

அப்புறம், கொரிய கிரீம்களில் ‘சிகா’ என்று போட்டு விற்கிறார்களே, அது நம் வல்லாரைதான்! அதன் மேடகாசோசைடு, ஏசியாட்டிகோசைடு இரண்டும் அழற்சியைத் தணித்துப் புண் ஆற உதவுபவை. அதற்காகக் கீரையை அரைத்து அப்பிக்கொள்ள வேண்டாம். பிரித்தெடுத்த சாறு வேறு, பச்சிலை வேறு. பச்சிலையே சிலருக்கு ஒவ்வாமை தரும். எலுமிச்சைச் சாறோ இன்னும் மோசம், அதன் பிஹெச் 2-ஐ ஒட்டியது.

எதைப் புதிதாக வாங்கினாலும் முழங்கை மடிப்பில் சில நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்கு வாருங்கள். இரண்டே நாளில் சிவப்பை மாயமாக்குகிறது என்று யாராவது மருந்துக்கடை ட்யூப் ஒன்றை நீட்டினால், ஸ்டீராய்டு இருக்கிறதா என்று அட்டையைப் படியுங்கள். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சிவப்பை மறைக்கும். டாக்டர் சொல்லாமல் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும். நிறுத்திய பிறகு சிவப்பு முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பி வரும்.