முதலில் தட்டக் கற்றுக்கொள்ளட்டும்: ஜூஜிட்சு வகுப்பில் சேருமுன் சில வார்த்தைகள்

அண்மையில் எங்கள் இயன்முறை சிகிச்சை மையத்துக்குப் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள். எதிராளியைப் பிடித்துச் சாய்த்து மூட்டுகளைப் பூட்டிப் பணியவைக்கும் ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஜூஜிட்சுப் போட்டியொன்றில் எதிராளி அவனுடைய கையைத் தன் இரு தொடைகளுக்கு நடுவே இழுத்துப் பிடித்து, முழங்கையை மடங்காத திசையில் அழுத்தும் 'ஆர்ம்பார்' என்ற பூட்டைப் போட்டிருக்கிறான். 'போதும், விடு' என்பதற்கு அடையாளமாகப் பையன் கையால் தட்டியிருந்தால் அந்தக் கணமே பிடி விடுபட்டிருக்கும். 'மேட்' எனப்படும் பயிற்சி மெத்தையின் ஓரத்தில் நின்ற அவனுடைய தந்தை "தட்டாதே, தாங்கு!" என்று விடாமல் கத்தியதால், அவனும் தாங்கினான். முழங்கையின் உட்புறத்து எலும்பு முனை பிய்ந்துவிட்டது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகு கையை முழுதாக நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் எங்களிடம் வந்து சேர்ந்தான்.

இப்படி வருகிற முதல் பிள்ளை இவன் என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஊக்கப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு பெற்றோர் கத்தும் அதே இரண்டு சொற்களால் கெட்ட முழங்கைகளையும் தோள்களையும் தொடர்ந்து பார்த்துச் சலித்துப் போய்த்தான் எழுதுகிறேன். அதைவிட வருத்தம் தருவது, காயம் பட்ட பிறகு அதே பெற்றோர் "இந்த முரட்டு விளையாட்டே இனி வேண்டாம்" என்று பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்திவிடுவது. அந்தப் பையனை நிறுத்த வேண்டாம் என்று நான் மன்றாடிக் கேட்டுக்கொண்டேன். ஏனென்றால் குழந்தைகளின் உடலுக்கும் மனத்துக்கும் இவ்வளவு நன்மை செய்யக்கூடிய பயிற்சிகள் அதிகம் இல்லை.

தட்டுவது என்றால் தோற்பது என்ற எண்ணத்தைத்தான் முதலில் களைய வேண்டும். இனித் தப்ப வழியில்லை என்று உணர்ந்தவர் எதிராளியின் உடம்பிலோ மேட்டிலோ இரண்டு மூன்று முறை தெளிவாகத் தட்டுகிறார். கைகள் இரண்டும் சிக்கியிருந்தால் காலால் தட்டுகிறார், அல்லது 'டேப்' (தட்டுகிறேன்) என்று வாய்விட்டுச் சொல்கிறார். தட்டு விழுந்த நொடியில் மற்றவர் பிடியை விட்டாக வேண்டும். பிறகு இருவரும் மீண்டும் தொடக்க நிலைக்கு வந்து அடுத்த சுற்றைத் தொடங்குகிறார்கள். ஒரே வகுப்பில் பல ஆண்டு அனுபவமுள்ளவர்கள்கூடப் பல முறை தட்டுவார்கள். அதை யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. எந்த இடத்தில் கையை விட்டோம், எப்போது இடுப்பைத் திருப்பத் தவறினோம் என்று மட்டும் கவனித்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போவார்கள். தட்டாத மாணவர் கற்றுக்கொள்ளும் வாய்ப்பை இழப்பதோடு, காயம் பட்டுப் பல வாரப் பயிற்சியையும் சேர்த்து இழக்கிறார்.

"வலித்த பிறகு தட்டினால் போதாதா?" என்று கேட்கிறார்கள். போதாது. குதிகாலைப் பிடித்து முழங்காலைத் திருகும் பூட்டுகளில், வலி உறைக்கும்போது பெரும்பாலும் தசைநார் ஏற்கனவே கிழியத் தொடங்கியிருக்கும். குழந்தைகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அவர்களுடைய எலும்பின் முனைகளில் வளர்ச்சிக்கான குருத்தெலும்பு, பதின்ம வயதின் பிற்பகுதி வரை, முழுதாக இறுகாமல் இருக்கிறது. தசைநாரைவிட அந்தக் குருத்தெலும்பே பலவீனமானது என்பதால், பெரியவருக்குச் சுளுக்கோடு முடிந்திருக்கக்கூடிய இழுப்பு பிள்ளைக்கு எலும்பு முறிவாக முடிகிறது. 'தாங்கு' என்று சொல்லும் தந்தை எதைத் தாங்கச் சொல்கிறார் என்பதை ஒருமுறை எக்ஸ்ரே படத்தில் பார்த்தால் மறுமுறை சொல்ல மாட்டார்.

தட்டினால் விட்டாக வேண்டும் என்ற ஒப்பந்தத்தின் மீதுதான் இந்தக் கலையே நிற்கிறது. சாமுராய்களின் காலத்தில் போர்க்களத்துக்கென வளர்ந்த ஜூஜிட்சுவைக் கற்ற கானோ ஜிகோரோ, 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் அதிலிருந்து தாம் உருவாக்கிய ஜூடோவுக்கான பள்ளியைத் தொடங்கியபோது, உயிருக்கு ஆபத்தான முறைகளைத் தனிப்பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றை முழு வலுவோடு எதிர்க்கும் ஆளின் மீது தினமும் பழகிப் பார்க்கும் முறையை முதன்மைப்படுத்தினார். அவருடைய பள்ளியில் பயின்ற மயேதா மித்சுயோ 1914இல் பிரேசிலுக்குப் போனார். அங்கே அவரிடம் கற்ற கிரேசி குடும்பத்தினர் தரையில் கிடந்து போராடும் பகுதியை விரித்து வளர்த்தார்கள். இன்று நம் நகரங்களில் நடக்கும் வகுப்புகளில் கணிசமானவை இந்தப் பிரேசிலிய வழியைச் சேர்ந்தவை. அதில் குத்தும் உதையும் கிடையாது. பழைய ஜப்பானிய வழிகள் சிலவற்றிலும் சர்வதேசப் போட்டியின் ஒரு பிரிவிலும் அடி உண்டு என்பதால், எந்த வழி கற்பிக்கப்படுகிறது என்று சேருமுன் கேட்டுக்கொள்ளுங்கள். தலையில் அடி வாங்காமலே முழு வலுவோடு மோதிப் பழகலாம் என்பது வளரும் மூளைக்குப் பெரிய பாதுகாப்பு.

அந்தப் பாதுகாப்பு தானாக வந்துவிடாது. ஜப்பானியப் பள்ளிகளில் 1983 தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் ஜூடோவின்போது நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள் என்ற கணக்கு வெளியானபோது அந்த நாடே அதிர்ந்தது. தூக்கி எறியப்பட்டுப் பின்மண்டை தரையில் மோதி, மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையே இரத்தம் கசிந்தது முக்கியக் காரணம். பலியானவர்களில் பலர் அந்த ஆண்டுதான் சேர்ந்த புதியவர்கள். முகவாயை நெஞ்சோடு சேர்த்து, தலை தரையில் படாமல், முதுகை வளைத்து உருண்டு, கையால் மேட்டை அறைந்து விழும் 'உகெமி' பயிற்சி உடம்பில் ஊறுமுன்பே அவர்களை எறிந்ததன் விலை அது. ஆகவே முதல் வாரங்களில் விழுவதை மட்டுமே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் மாஸ்டரைக் குறை சொல்லாதீர்கள். "ஒரு மாசமாச்சு, இன்னும் ஒரு பிடிகூடச் சொல்லித் தரலை" என்று அலுத்துக்கொள்ளும் பெற்றோரிடம் நான் சொல்வது இதுதான்: அப்படிப்பட்ட மாஸ்டர் கிடைத்தது உங்கள் நல்ல நேரம்.

விழக் கற்பதன் பயன் மேட்டோடு நின்றுவிடுவதில்லை. சிறுவர்களின் முழங்கை முறிவுகளில் பெரும்பாலானவை கையை நீட்டி ஊன்றிக்கொண்டு விழுவதால் நேர்கின்றன. மிதிவண்டியிலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ விழும்போது கையை ஊன்றாமல் உருளும் பழக்கம் வந்துவிட்ட பிள்ளைக்கு அந்த ஆபத்து குறைகிறது. முதியவர்களைப் பொறுத்தவரை இது இன்னும் முக்கியம். உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்ததால் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் மூத்தவர்களே மிகுதி. பக்கவாட்டில் விழும்போது இந்தக் கலைகளின் உருளும் முறையைக் கையாண்டால் இடுப்பெலும்பின் மீது இறங்கும் விசை குறைகிறது என்பதை நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் இதை நேரே மேட்டில் போய்ச் செய்து பார்க்கக் கூடாது. உட்கார்ந்த நிலையிலிருந்து, தடித்த மெத்தையில், இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில்தான் தொடங்க வேண்டும்.

பிள்ளைகளிடம் நான் கண்ட மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய நிதானம். பள்ளியில் தொல்லை கொடுக்கும் பையனை அடித்து மூக்கை உடைத்தால் இரு குடும்பங்களும் தலைமையாசிரியர் அறையில் நிற்க வேண்டியிருக்கும். ஜூஜிட்சு பழகிய பிள்ளை அவனைக் கீழே சாய்த்து, மார்பின் மீது ஏறி அமர்ந்து, கைகளைப் பிடித்துக்கொண்டு, ஆசிரியர் வரும் வரை அப்படியே வைத்திருக்க முடியும்; யாருக்கும் இரத்தம் வராது. தன்னைவிட எடை கூடிய ஒருவன் மேலே அழுத்திக்கொண்டிருக்கும்போதும் பதறாமல் மூச்சுவிட்டு, முழங்கையை உள்ளே நுழைத்து, இடுப்பை நகர்த்தி இடம் உண்டாக்கிக்கொள்ளும் பிள்ளைக்கு, கூச்சல் போடும் ஒருவன் எதிரே நின்றாலும் கை நடுங்குவதில்லை. 'நான் தட்டினால் நீ நிறுத்த வேண்டும், நீ தட்டினால் நான் நிறுத்துவேன்' என்பதை நூற்றுக்கணக்கான முறை உடம்பால் பழகியவர்களுக்கு, மற்றவர் 'வேண்டாம்' என்றால் கை எடுக்க வேண்டும் என்பதைத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கு வருகிறேன். நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து இடுப்பு இறுகிப்போனவர்கள்தான் எங்களிடம் வருபவர்களில் அதிகம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியும் இரண்டு நாள் தசை வலுப் பயிற்சியும் பெரியவர்களுக்குத் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாரம் மூன்று வகுப்பு போனால் இரண்டும் ஒருசேர நிறைவேறுவதோடு, கைப்பிடி வலுவும் இடுப்பின் நெகிழ்வும் தரையிலிருந்து கையூன்றாமல் எழும் திறனும் கூடுகின்றன. உடற்பயிற்சிக் கூடத்தில் ஆண்டுச் சந்தா கட்டிவிட்டு இரண்டாம் மாதமே நின்றுவிடும் பலர் இங்கே பாதியில் விடுவதில்லை. கூடப் பழகுபவர்கள் 'நேற்று ஏன் வரவில்லை?' என்று கேட்பது அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பெண்களுக்கும் இது நன்கு பொருந்தும், ஏனெனில் கீழே தள்ளப்பட்டு மேலே ஒருவர் இருக்கும் நிலையிலிருந்து மீள்வதுதான் இங்கே அன்றாடப் பாடம். ஆனால் ஒரு வாரப் பயிலரங்கில் தற்காப்புக் கற்றுத் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்பிவிடாதீர்கள். உடம்பு எண்ணாமல் செய்யும் அளவுக்கு ஓர் அசைவு பழக மாதங்கள் ஆகும்.

கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், கழுத்து அல்லது இடுப்பு வட்டு விலகல், விழித்திரைக் கோளாறு, இரத்தம் உறையாமலிருக்க மருந்து, கர்ப்பம் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் மேட்டில் கால் வைக்காதீர்கள். நகத்தை வெட்டிவிட்டுப் போங்கள், மோதிரத்தையும் கம்மலையும் கழற்றிவிடுங்கள். பயிற்சி முடிந்தவுடன் குளியுங்கள். வியர்த்த உடையை மறுநாளும் போடாதீர்கள். நம் ஊர் வெப்பத்தில் படர்தாமரை ஒருவரிடமிருந்து வகுப்பு முழுவதற்கும் பரவிவிடும். வட்டமாகச் சிவந்து அரித்தால் குணமாகும் வரை வீட்டிலேயே இருங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கிப் பூஞ்சையை வளர்த்துவிடும், ஆகவே தோல் மருத்துவரிடம் போங்கள். கழுத்தை நெரிக்கும் முறைகளை வீட்டிலோ பள்ளியிலோ விளையாட்டாகச் செய்து பார்க்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கழுத்தின் இரு பக்கத்து இரத்தக் குழாய்களும் அழுந்தினால் பத்து நொடிக்குள் நினைவு தப்பிவிடக்கூடும்.

பட்டத்துக்கும் பதக்கத்துக்கும் அவசரப்படாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பிரேசிலிய ஜூஜிட்சுவின் சர்வதேசக் கூட்டமைப்பு விதிகளின்படி 16 வயதுக்குமுன், பெரியவர்களின் தரவரிசையில் வெள்ளைக்கு அடுத்ததான நீல பெல்ட்டே கிடையாது, 19 வயதுக்குமுன் கறுப்பு பெல்ட் கிடையாது. எட்டு வயதில் கறுப்பு பெல்ட் தருகிறோம் என்பவர் உங்கள் பணத்தைக் குறிவைக்கிறார். வெற்றி வெறியும், பெற்றோரின் கூச்சலும், எடைப் பிரிவுக்காகப் பிள்ளைகளைப் பட்டினி போடுவதும் எல்லை மீறியதால், ஜூடோவின் தாயகமான ஜப்பானே தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கான தேசியத் தனிநபர் போட்டியை 2022இல் கைவிட்டது. சேர்க்கும் முன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் உள்ளே அமர்ந்து பார்க்க அனுமதிக்காத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். உடலோடு உடல் ஒட்டிப் பழகும் பயிற்சியில் இதற்கு விதிவிலக்கே கூடாது.

எல்லாம் சரியாக நடந்தும் காயம் படலாம். முழங்கை வீங்கி, நீட்ட முடியாமல் போனால், கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணியில் தூளிபோல் கட்டி அசையாமல் வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒற்றடம் கொடுத்து, அன்றே எலும்பு மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். எண்ணெய் தடவி நீவவோ, இழுத்து நீட்டிப் பார்க்கவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். அடிபட்ட முழங்கையை நீவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு இறுகிவிடும் அபாயம் உண்டு. அப்படி வரும் கையை மீட்க எங்களுக்குப் பல மாதங்கள் ஆகின்றன, சில கைகள் முழுதாக மீள்வதே இல்லை.