அகாபே: அன்பின் விருந்து

ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை என்று ஏதாவது வந்தால் கடலூர், புதுச்சேரிப் பக்கத்துச் சபை அறிவிப்புகளில் 'ஆராதனை முடிந்ததும் அன்பின் விருந்து நடைபெறும்' என்று ஒரு வரி இருக்கும். இளைஞர்கள் அடிக்கும் ஃபிளெக்ஸில் அதுவே 'அகாபே' அல்லது 'லவ் ஃபீஸ்ட்' ஆகிவிடும். மூன்றும் ஒன்றுதான். ஆனால் மூன்றில் ஒன்று மற்ற இரண்டையும்விட நல்ல சொல்.

அகாபே கிரேக்கம். அன்பு என்று பொருள். கிரேக்கத்தில் அன்புக்கு நான்கு சொற்கள் உண்டு, அதில் அகாபே மட்டும் தெய்விக அன்பு என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அவ்வளவு சுத்தமாகப் பிரிக்க முடியாது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், தாவீது ராஜாவின் மகன் அம்னோன் தன் தந்தைவழிச் சகோதரி தாமார்மேல் கொண்ட கெட்ட ஆசைக்கும் இதே சொல்தான் வருகிறது. முதல் கிறித்தவர்கள் புழங்கிப் புழங்கித்தான் அதற்கு இன்றைய மதிப்பு வந்தது.

அப்படிப் புழங்கியதில் ஒன்று சாப்பாடு. புதிய ஏற்பாட்டில் யூதா எழுதிய நிருபம் (கடிதம்) 12ஆம் வசனத்தில் இந்தச் சொல் பன்மையில் வருகிறது. அங்கே பொருள் 'அன்புகள்' இல்லை, சபையார் கூடி உண்ணும் விருந்துகள். பழைய தமிழ் வேதாகமம் அதை 'அன்பின் விருந்துகள்' என்று எழுதியது. வட ஆப்பிரிக்காவின் கிறித்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், கி.பி. 200ஐ ஒட்டி, எங்கள் விருந்து எப்படிப்பட்டது என்பதை அதன் பெயரே சொல்லிவிடும் என்றார். அதனால் ஏழைகளுக்குப் பயன் உண்டு என்றும் சொன்னார்.

தொடக்கத்தில் இந்தச் சாப்பாடும், அப்பமும் திராட்சரசமும் பகிரும் நற்கருணைச் சடங்கும் ஒட்டியே இருந்தன, அப்புறம் பிரிந்தன. விருந்து மெல்ல வழக்கொழிந்தது. 1727இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொராவியச் சகோதரர்கள் என்ற புராட்டஸ்டன்ட் குழுவினர் அதை மறுபடி தொடங்கினார்கள். அவர்களைப் பார்த்து, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் எடுத்துக்கொண்டார். மொராவியர்களில் ஒரு குழு 1760இல் நம் தரங்கம்பாடி வரைக்கும் வந்து சேர்ந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். 'விருந்து' என்றால் இன்று நமக்கு இலையும் பிரியாணியும். பழந்தமிழில் முதற்பொருள் புதுமை. தொல்காப்பியம் செய்யுளுக்குரிய எட்டு வனப்புகளில் ஒன்றை விருந்து என்கிறது. புதிதாகப் புனையும் யாப்பு அது. பிறகு சொல் புதிதாக வந்த ஆளைக் குறித்தது. திருக்குறளின் 'வருவிருந்து' வரப்போகிற சாப்பாடு இல்லை, வரப்போகிற மனிதர். அவருக்குப் போடும் சோற்றுக்குப் பெயராக மாறியது அதற்கும் பின்னால்தான். ஆக, முன்பின் தெரியாதவருக்கு இலை போடுவது இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கிரேக்க அகாபேயில் அன்பு உண்டு, அந்தப் புதியவர் இல்லை. அதனால்தான் தமிழ்ச் சொல்லே மேல் என்கிறேன்.

புதியவர் ஏன் முக்கியம்? லூக்கா 14ஆம் அதிகாரத்தில் இயேசு, விருந்து வைத்தால் உறவினரையும் பணக்காரரையும் கூப்பிடாதே, திருப்பிச் செய்ய முடியாத ஏழைகளையும் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் கூப்பிடு என்கிறார். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், மொய் எழுத முடியாதவர்களுக்கு வைக்கும் பந்தி. புராட்டஸ்டன்ட் சபைகள் கிருபை என்றும் கத்தோலிக்கர் அருள் என்றும் சொல்வது இதைத்தான். யாரும் சம்பாதித்து அந்த இலையில் உட்காருவதில்லை. அடுத்த அதிகாரத்தில், ஊதாரி மகன் மன்னிப்புக் கேட்டு முடிக்கும் முன்பே அப்பா கொழுத்த கன்றுக்கு ஆள் அனுப்பிவிடுகிறார்.

இது நடைமுறையில் சறுக்கும் இடமும் பந்திதான். கொரிந்து சபையில் ஒருவன் பசியோடு இருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருக்கிறான் என்று பவுல் கடிந்து எழுதினார். புதுச்சேரிக்கு இதில் சொந்தக் கதையே உண்டு. அங்குள்ள கத்தோலிக்கத் தேவாலயமான சம்பா கோவிலுக்குள் உயர்சாதிக் கிறித்தவர்களையும் தலித் கிறித்தவர்களையும் பிரித்து நின்ற சுவரைப் பற்றியும், அதை இடித்தபோது எழுந்த தகராறைப் பற்றியும் பிரெஞ்சுக்காரர்களிடம் பணியாற்றிய ஆனந்தரங்கப் பிள்ளை 1745இல் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆராதனையிலேயே அப்படியென்றால் சாப்பாட்டைக் கேட்க வேண்டுமா? இன்று சுவர் இல்லை. ஆனாலும் முக்கியஸ்தருக்குத் தனி மேசை, மற்றவர்களுக்கு டோக்கன் என்று நடக்கும் இடத்தில் 'அன்பின்' என்ற அடைமொழி கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

வேறு சொற்களும் போட்டிக்கு வருகின்றன. 'ஐக்கிய விருந்து' ஏதோ கட்சிக் கூட்டம் மாதிரி ஒலிக்கிறது. 'சமபந்தி' நல்ல சொல், நம் மண்ணுக்குத் தேவையான சொல்லும்கூட. ஆனால் அது உட்காரும் வரிசையைத்தான் சொல்கிறது. அழைத்தவர் யார் என்பது அதில் இல்லை. வீட்டுக்கு வீடு ஒரு டப்பா கொண்டுவந்து பகிர்ந்தால் அதைக் 'கூட்டாஞ்சோறு' என்றே சொல்லலாம், அழகான சொல். கையில் ஒன்றும் கொண்டுவராதவரும் கூச்சமில்லாமல் உட்கார வேண்டும் என்றால் 'அன்பின் விருந்து' என்றே போடுங்கள். 'அன்பு விருந்து' என்று எழுதினாலும் பிழையில்லை.