சர்க்கரை ஏறியதும் டிஸ்சார்ஜ் செய்யலாமா?

ஐப்பசியில் குன்றக்குடி முருகனுக்குச் சஷ்டி விரதம் இருக்கும் ஆச்சிமார் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். சாப்பாட்டை விட்டாலும் சர்க்கரை மாத்திரையை விடாமல் போடுவார்கள். அப்படி ஓர் ஆச்சி வியர்த்து, நினைவு தப்பி வருகிறார் என்று வையுங்கள். பி.ஜி. மருத்துவர் (மேற்படிப்புப் பயிற்சியில் இருப்பவர்) விரலில் குத்திப் பார்க்கிறார்: சர்க்கரை 38தான், மிகவும் குறைவு. குளுக்கோஸ் ஏற்றியதும் ஆச்சி எழுந்து காபி கேட்கிறார்.

இதுவரை எந்த பி.ஜி.யும் சரியாகச் செய்துவிடுவார். ஆசிரியராக அவரை நான் எடைபோடத் தொடங்குவது இதற்குப் பிறகுதான்.

"டிஸ்சார்ஜ் பண்ணலாமா?"

மாத்திரை எது என்று அட்டையை வாங்கிப் பார்த்தாரா? நெடுநேரம் வேலை செய்யும் கிளிபென்கிளமைடு என்றால் சர்க்கரை மறுபடி இறங்கலாம். சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் அந்த ஆபத்து இன்னும் நீளும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்த்து, குறைந்தது ஒரு நாளாவது வார்டில் வைத்துக் கவனிக்க வேண்டும். அடுத்து, வீட்டில் யார் இருக்கிறார்கள்? அவ்வளவு பெரிய வீட்டில் ஆச்சி தனியாக, பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். ராத்திரி மறுபடி மயங்கினால் பார்க்க ஆள் ஏது? இதையும் யோசிப்பவரே மருத்துவர்.

எழுத்துத் தேர்வில் இது வராது. மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் மருத்துவத் திறனை நான்கு படிகளாகப் பிரித்தார்: தெரிந்திருப்பது, எப்படி என்று அறிந்திருப்பது, செய்து காட்டுவது, அன்றாடம் செய்வது. நம் தேர்வுத் தாள்கள் பெரும்பாலும் முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடுகின்றன. கடைசியில் ஒரே நோயாளியை விரிவாகப் பார்க்கச் சொல்லும் 'லாங் கேஸ்' தேர்வும் போதாது. தாழ்சர்க்கரையில் பிரமாதமாக யோசிப்பவர் மஞ்சள் காமாலையில் தடுமாறலாம். அதனால் வேறு வேறு நோயாளிகளிடம், வேறு வேறு ஆசிரியர்கள், பதினைந்து இருபது நிமிடம் பக்கத்தில் நின்று பார்த்து, 'வேறு எதை நினைத்தீர்கள், ஏன் விட்டீர்கள்' என்று அங்கேயே கேட்க வேண்டும்.

பி.ஜி.க்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணிசெய்யும் திட்டம் இதற்கு அருமையான வாய்ப்பு. அவர்களை டூட்டிக்கு ஆளாக மட்டும் வைத்துக்கொண்டு, கடைசி வாரத்தில் லாக் புக்கில் (பயிற்சிப் பதிவேட்டில்) மொத்தமாகக் கையெழுத்துப் போடுவதைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை.

நோயாளிகளுக்கும் ஒன்று. இளம் டாக்டர் விசாரிக்க, பெரிய டாக்டர் சும்மா நின்று பார்த்தால், 'நம்மை வைத்துப் படிக்கிறார்கள்' என்று முகம் சுளிக்காதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் உங்களைக் கவனிக்கிறார்கள். வரும்போது மாத்திரை அட்டைகளை எல்லாம் கொண்டு வாருங்கள். விரதம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.