புலி போகாத ஊருக்கும் அதன் பெயர் போகும்

சைபீரியாவின் இர்கூத்ஸ்க் நகரச் சின்னத்தில், வாயில் ஒரு சிறு விலங்கைக் கவ்வியபடி கறுப்பு மிருகம் ஒன்று நிற்கிறது. பார்த்தால் புலி மாதிரி இருக்கும். ஆனால் பாதத்தில் வாத்துக்கு இருப்பதுபோல் சவ்வு, பின்னால் நீர்நிலைகளில் வாழும் கொறிவிலங்கான பீவரின் தடித்த வால். இப்படி ஒரு பிராணி உலகில் எங்கும் கிடையாது. சைபீரிய ரஷ்யர்கள் புலியை 'பாப்ர்' என்று அழைத்தார்கள். தலைநகரத்து அதிகாரிகளுக்கு அந்தச் சொல் பழக்கமில்லை. 1878இல் மாகாணச் சின்னத்தின் விவரத்தை எழுதியபோது அது 'போப்ர்' ஆகிவிட்டது. போப்ர் என்றால் பீவர். ஓர் எழுத்து மாறியதில் புலிக்குப் புது வால் முளைத்தது.

அந்த 'பாப்ர்' பாரசீகத்திலும் புலிதான். அதுவும் வடமொழியின் 'வியாக்ர'வும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். ரிக் வேதத்தில் சிங்கம் உண்டு, புலி இல்லை. அதர்வ வேதத்தில்தான் புலி வருகிறது. பாடியவர்கள் கிழக்கே கங்கைச் சமவெளிப் பக்கம் நகர்ந்ததை இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். அப்புறம் மக்கள் வாயில் அந்தச் சொல் தேய ஆரம்பித்தது. பிராகிருதத்தில் 'வக்க', மராத்தியில் 'வாக்', இந்தியிலும் வங்காளத்திலும் 'பாக்'. கூட்டெழுத்து கரைந்தது, அதை ஈடுகட்டுவதுபோல் உயிரொலி நீண்டது.

ஆங்கிலத்தின் 'டைகர்' வேறு வழியில் வந்தது. பிரெஞ்சு, லத்தீன் என்று பின்னோக்கிப் போனால் கிரேக்கத்தின் 'டிக்ரிஸ்' வரை போகலாம். ரோமானிய அறிஞர் வாரோ, இது ஆர்மீனியச் சொல், அங்கே அம்புக்கும் வேகமான நதிக்கும் இதே பெயர் என்று எழுதினார். அழகான விளக்கம்தான். ஆனால் ஆர்மீனிய மொழியில் புலிக்கு 'வக்ர்' என்று பெயர். டைகிரிஸ் நதியின் பெயரோ சுமேரியரின் 'இதிக்னா'விலிருந்து வருவது. அம்போடு அதைச் சேர்த்துப் பார்த்தது பிற்காலத்தவர் வேலை. புலியின் பெயர் மட்டும், கூர்மையைக் குறிக்கும் ஈரானிய 'திக்ர' என்ற சொல்லோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்பது பரவலான கருத்து. அது சரி என்றால், கூர்மை என்ற அதே வேரிலிருந்து பிறந்த 'தேஜஸ்' டைகருக்குத் தூரத்து உறவு. எனக்கு மிகவும் பிடித்த உறவு இது.

நம் 'புலி' இவை எதிலும் சேராது, அது திராவிடச் சொல். தெலுங்கில் புலி, துளுவில் பிலி, கன்னடத்தில் ஹுலி. கன்னடம் ஏன் தனித்துப் போனது? அங்கே சொல்லின் முதலில் வந்த பகரம் காலப்போக்கில் ஹகரமாக மாறியது. பால் ஹாலு, பத்து ஹத்து, பூ ஹூ. ஓரிரு சொல்லில் மட்டும் இப்படி நடந்தால் தற்செயல் எனலாம். வரிசையாக நடப்பதால்தான் இவை ஒரே குடும்பம் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

புலியைக் குறிக்கும் சீனத்தின் 'ஹூ' என்ற சொல்லும் கம்போடியாவின் கெமர் மொழியில் உள்ள 'க்லா'வும் கேட்க ஒன்றுபோல இல்லை. ஆனால் பழஞ்சீன உச்சரிப்பை மீட்டெடுத்துப் பார்த்தவர்களில் சிலர், 'ஹூ'வும் 'க்லா' போன்ற ஒரு தென்கிழக்காசியச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள்.

விலங்கு இல்லாத இடத்துக்குப் போன பெயர் சும்மா இருப்பதில்லை, கிடைத்த பூனையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் 'டீக்ரே' என்றால் ஜாகுவார். தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிகான்ஸில் 'டீர்' என்பது சிறுத்தையையும் குறிக்கும். அவ்வளவு தூரம் போக வேண்டாம், மலையாளத்தில் 'புலி' பெரும்பாலும் சிறுத்தைதான். வரிப்புலிக்கு 'கடுவ' என்ற தனிப்பெயர் இருக்கிறது.

புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்தவர்களோ பல இடங்களில் அதன் பெயரைச் சொல்லவே தயங்கினார்கள். பெயர் சொன்னால் வந்துவிடும் என்ற பயம். மலாய்க்காரர்கள் 'தாத்தா' என்பார்கள். வியட்நாமில் அதற்கு 'முப்பது ஐயா' என்று பெயர்.